கொட்டாய்க்கு ஒரு விளக்கு

கீழ்பென்னாத்தூரில் நின்று பார்த்தால் அண்ணாமலை முழுசாகத் தெரியும். திருவண்ணாமலைக்காரர்களுக்கு மலையின் காலடிதான் வாய்த்தது, முகம் எங்களுக்கு என்று கீழ்பென்னாத்தூர்க்காரர்கள் பீற்றிக்கொள்வார்கள். கார்த்திகை மாதத்தில் அந்த முகமும் மேகத்துக்குள் போய்விடும். சாயங்காலத்துக்குள் மேகம் விலகுமா விலகாதா என்பதுதான் தீபத்தன்று ஊரில் ஒரே பேச்சாக இருக்கும். மாவட்டம் தனியாகப் பிரிந்து சில வருஷங்கள் ஆகியிருந்த அந்தத் தீபத்தன்று குமரேசனுக்கு மட்டும் வேறு கவலை. அவனுடைய கார் பெட்ரோல் நாறியது.

கார் என்றால் பெட்ரோல் அம்பாசடர். வாங்கும்போதே கிழடு. திருவண்ணாமலையில் ஆசிரமத்துப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் தங்கும் வெள்ளைக்காரர்களை மெட்ராஸ் ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் அவன் பிழைப்பு. போன தடவை ஒரு இத்தாலிக்காரம்மா செஞ்சி தாண்டுவதற்குள் வாந்தி எடுத்து, ரோட்டோரப் புளியமரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இனி இந்த வண்டியில் ஏறமாட்டேன் என்று நின்றுவிட்டாள். கெஸ்ட் ஹவுஸ் மேனேஜர் மூர்த்தி நல்ல மனுஷன்தான், ஆனால் சொல்லிவிட்டார். "தீபத்துக்கு மறுநாள் வெடியக்காலம் ஒரு ஜோடி ஏர்போர்ட் போறாங்க. அன்னிக்கும் அந்த வாடை வந்துதுன்னா நீ இந்தப் பக்கமே வராத குமரேசா."

அதனால்தான் தீபத்தன்று காலையிலேயே திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் ராஜேந்திரனின் பட்டறையில் போய் நின்றான். ராஜேந்திரன் அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், இப்போது மெக்கானிக். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து, பாளம்பாளமாக வெடித்திருந்த ஒரு ரப்பர் குழாயை அவன் மூக்குக்கு நேராக ஆட்டிக் காட்டினான்.

"இதப் பாரு மச்சான். இத்த வெச்சிக்கினா நீ மெட்ராசுக்கும் ஊருக்கும் போய்ட்டு வந்த? உன் சாமி பெரிய சாமிடா."

டாங்கியிலிருந்து இரும்புப் பைப்புக்குப் போகும் பின்பக்கத்து ஹோஸை ராஜேந்திரன் மாற்றி முடித்தபோது போலீஸ்காரர்கள் வந்துவிட்டார்கள். கிரிவலப் பாதையில் ஜனம் நெரிகிறது, வண்டியை எல்லாம் எடு என்று லத்தியால் பானட்டைத் தட்டினார்கள். முன்பக்கத்து ஹோஸ், பைப்பிலிருந்து இஞ்சின் பம்புக்குப் போவது, அப்படியே பாக்கி.

"ஊருக்கு எடுத்தும் போயிடு," என்றான் ராஜேந்திரன். "மூலைக்கு மூலை கல்பூரம் கொளுத்திக்கினு கீறாங்க, இத்த இங்க வுட முடியாது. முன்னாடி ஹோஸ நீயே மாத்திக்கோ."

"எனக்கு இன்னாடா தெரியும்? ஓட்டத்தான் தெரியும்."

"உனக்கு ஓட்டவும் தெரியாது, அது வேற விசயம். இந்தா ஹோசு, இந்தா கிளிப்பு ரெண்டு. மொதல்ல கிளிப்ப ஹோஸ்ல கோத்துக்கோ, மறந்துட்டு அப்பறம் முழிக்காத. பைப்பு முனையில ஒரு வீக்கம் இருக்குதா? கிளிப்பு அந்த வீக்கத்தத் தாண்டி உக்காரணும். வீக்கத்து மேலயே போட்டா வழுக்கினு வந்துரும். ரொம்பவும் முறுக்காத, ரப்பர அறுத்துடும்."

"கட்டுக்கம்பி போட்டு முறுக்கிட்டா?"

"முறுக்கு வர்ற எடத்துல கம்பி ரப்பர வுட்டுத் தூக்கினு நிக்கும்டா. அங்கதான் கசியும். இன்னொண்ணு கேளு. டாங்கில பெட்ரோலு ஜாஸ்தியா கெடக்குது. முன்னாடி கழட்றதுக்கு முந்தி, பின்னாடி நான் போட்ட புது ஹோஸ நசுக்கிக் கட்டிடு. கொறடு போடாத, பல்லு பட்டா பொளந்துக்கும். மூங்கிய தட்டையா ரெண்டு பட்டை சீவி, துணி சுத்தி, நடுவுல ஹோஸ வெச்சி சைக்கிள் டியூப்பால இறுக்கு. தட்டையா, இன்னா? தட்டையா."

"சரிடா, தட்டையா."

வண்டி அவலூர்ப்பேட்டை ரோட்டு முனையைத் தாண்டுவதற்குள் அவன் அந்த வார்த்தையை மறந்துவிட்டான். மனுஷன் மறப்பதற்கு அந்த வார்த்தைதானா கிடைத்தது என்று பிற்பாடு அவன் மனைவி கஸ்தூரி பலமுறை கேட்டிருக்கிறாள்.

வீட்டில் கார் நிற்கும் இடம் மாட்டுக் கொட்டாய். ஒரு காலத்தில் அங்கே குமரேசனின் அப்பா சின்னசாமியின் எருதுகள் நின்றன. மயிலையும் செவலையுமாக ஒரு ஜோடி. வேர்க்கடலைக் கொல்லையை அவர் அந்த ஜோடியோடு உழுதால் வேடிக்கை பார்க்க ஆள் நிற்கும். பிறகு அவருக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களில், உழ ஆளில்லை, இனி டிராக்டர்தான் என்று குமரேசன் எருதுகளை விற்று, மேலே கடன் போட்டு, காரை வாங்கிவிட்டான். அப்பாவைக் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் அவர் இல்லை என்பது அவன் கட்சி. அவர் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து கொட்டாயைப் பார்த்தார். எருதுகள் நின்ற இடத்தில் வெள்ளையாக ஒன்று நின்றுகொண்டிருந்தது. அன்றோடு மகனிடம் பேச்சை நிறுத்தினார். காரில் ஏறியதும் இல்லை. வைத்தியத்துக்குப் போக வேண்டுமென்றாலும் பஸ்தான். அப்பனும் பிள்ளையும் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதெல்லாம் மருமகள் கஸ்தூரி வழியாகத்தான் போய் வந்தது.

"மருமவளே, மழ வரும் போல கீது, கொட்டாய்க் கூரையில ஓட்ட கீதுன்னு அவன்ட்ட சொல்லு," என்பார் அவர், மகன் பக்கத்திலேயே நிற்கும்போது.

"பாத்துக்கறேன்னு சொல்லு," என்பான் இவன்.

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான் கேக்குது. எனக்குத்தான் வாய் வலிக்குது," என்பாள் கஸ்தூரி.

அன்று மத்தியானம் தூறல் நின்றது. விடியற்காலம் நேராக வெளியே எடுக்கத் தோதாக, குமரேசன் காரைப் பின்பக்கமாகவே கொட்டாய்க்குள் விட்டான். மாட்டுக் கொட்டாயின் தரை சரிவானது. கோமியம் வடிந்தோட வேண்டும் என்று தொட்டிப் பக்கம் மேடாகவும் வாசல் பக்கம் பள்ளமாகவும் போட்டு, பள்ளத்தில் ஒரு கால்வாயும் வெட்டியிருப்பார்கள். அதனால் காரின் வால் மேட்டிலும் மூக்கு பள்ளத்திலும் நின்றன. அவனுக்கு அது உறைக்கவில்லை.

பின்பக்கம் ஹோஸை நசுக்கிக் கட்டக் குச்சி தேடினான். மூங்கில் கண்ணில் படவில்லை. எரவாணத்தில் அப்பாவின் தார்க்குச்சி செருகியிருந்தது. எருது ஓட்டுகிற குச்சி, பிடித்துப் பிடித்து வழவழவென்று இருந்தது. அதை எடுத்து முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்தான்.

"ஐயயோ," என்றாள் கஸ்தூரி. அவள் கொட்டாய் வாசலில் உட்கார்ந்து பொரிக்கு வெல்லம் தட்டிக்கொண்டிருந்தாள். "மாமாவுக்குத் தெரிஞ்சா?"

"மாடே இல்ல. குச்சிய வெச்சிக்கினு யார ஓட்டப் போறாரு? என்னையா?"

"ஓட்டினாலும் ஓட்டுவாரு."

உடைந்த இரண்டு துண்டுகளுக்கு நடுவில் ஹோஸை வைத்து, டியூப்பைச் சுற்றி இறுக்கினான். இறுகினாற்போலத்தான் இருந்தது. பிறகு முன்பக்கம் வந்து பானட்டைத் தூக்கிப் பழைய ஹோஸை இழுத்தான். அது பைப்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. கத்தியால் கீறி உரித்து எடுத்தான். கொஞ்சம் பெட்ரோல் கொட்டி, நின்றுவிட்டது.

"பாத்தியா, நின்னுடுச்சு," என்றான் பெருமையாக. "கஸ்தூரி, இன்னிக்கு இந்தக் கொட்டாய்ப் பக்கம் நெருப்புன்னு எதுவும் வரக்கூடாது. அகல் விளக்கும் வாணாம். காத்தால வண்டி கெளம்பினப்பறம் வேணும்னா வெச்சிக்கோ."

"கார்த்திகைக்குக் கொட்டாய்க்கு வெளக்கு இல்லாமயா? குப்பமேட்டுக்கே வெக்கறோம்."

"குப்பமேட்டுல பெட்ரோலா கீது?"

"சரி, நான் வெக்கல," என்றாள் அவள். அவளிடம் சொன்னான். முற்றத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் சொல்லவில்லை. அவரிடம் எதையும் சொல்லும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. அவளும் அவரிடம் சொல்லவில்லை. விளக்கு வைப்பது தன் வேலை, தான் வைக்காவிட்டால் சரி என்று நினைத்துவிட்டாள்.

புது ஹோஸில் இரண்டு கிளிப்பையும் கோத்தான். ஒரு முனையை இரும்புப் பைப்பில் ஏற்றி, வீக்கத்தைத் தாண்டி கிளிப்பை உட்கார வைத்து முறுக்கினான். மறுமுனையைப் பம்பில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் தெருவில் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். மேகம் விலகிவிட்டது, மலை தெரிகிறது.

கஸ்தூரி மாடியிலிருந்து கூப்பிட்டாள். "ஏங்க, சீக்கிரம் வாங்க! ஏத்தற நேரமாச்சு! நீங்க கெணத்தடியில கை கழுவிக்கினு வாங்க, மொதல்ல!"

ஸ்குரூடிரைவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு அவன் போனான். ஹோஸின் மறுமுனை இஞ்சின் ஓரத்தில் சும்மா தொங்கியது.

போகிற வழியில் அப்பாவின் கட்டில். எதிரே பக்கத்து வீட்டுக்காரன் புதிதாக மாடி எழுப்பியதிலிருந்து அந்தக் கட்டிலுக்கு மலை மறைந்துவிட்டது. மலையைப் பார்க்க வேண்டுமென்றால் மாடிக்கு ஏற வேண்டும், இல்லையென்றால் சுவரைப் பிடித்து நடந்து கொட்டாய் வாசலுக்குப் போக வேண்டும். போன வருஷம் அவரை மாடிக்குத் தூக்கிப் போனார்கள். இந்த வருஷம் வேண்டாம் என்று மருமகள் மூலமாகச் சொல்லிவிட்டார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை. தீபம் பார்த்துத்தான் வாயில் போடுவார், அது அவருக்கு ஆயுள் வழக்கம். குமரேசன் ஒரு நிமிஷம் நின்றான். தூக்கிக்கொண்டு போகட்டுமா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

மாடியில் ஊரே நின்றது. இந்த மாடி அந்த மாடி என்று எல்லா மொட்டை மாடிகளிலும் ஜனம், எல்லாரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு. மேற்கே வானம் வெல்லப்பாகு நிறத்துக்கு வந்திருந்தது. மலை கறுத்து, நெருங்கி வந்து நின்றது. கைக்குழந்தைகள்கூட அழவில்லை. உச்சியில் ஒரு பொட்டு. அவ்வளவு சின்னது. சிமிட்டினால் காணாமல் போய்விடும் போலிருந்தது. அடுத்த நொடி அது விரிந்து, நிமிர்ந்து, நின்றது.

"அண்ணாமலைக்கு அரோகரா!"

ஊர் அலறியது. பட்டாசு வெடித்தது. தெருவில் பிள்ளைகள் மாவலி சுற்றத் தொடங்கினார்கள், கயிற்று முனையில் கரித்தூள் மூட்டை பொறி பொறியாகக் கொட்டியது. கஸ்தூரி தட்டிலிருந்த முதல் அகலை ஏற்றினாள். மலைமேல் ஏற்றிய பிறகுதான் வீட்டில் ஏற்ற வேண்டும். குமரேசனுக்கு உடம்பு சிலிர்த்தது. பிறந்ததிலிருந்து பார்க்கிறான், ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். அத்தனை பெரிய இருட்டில் அத்தனை சின்ன நெருப்பு, எத்தனையோ ஊருக்குத் தெரிகிறது. கன்னத்தில் போட்டுக்கொண்டு, அப்பா இதைப் பார்க்கவில்லையே என்று கீழே திரும்பினான்.

கட்டில் காலியாக இருந்தது. கொட்டாய் வாசலில், தூணடியில், ஒரு அகல் எரிந்துகொண்டிருந்தது.

"கஸ்தூரி," என்றான். படிகளை எப்படி இறங்கினான் என்று அவனுக்குத் தெரியாது. பின்னாலேயே அவளும் ஓடி வந்தாள்.

அப்பா காரின் மட்கார்டு மேல் நெஞ்சைச் சாய்த்து நின்றிருந்தார். செத்த வலது கை பக்கத்தில் தொங்கியது. இடது கை இஞ்சினுக்குள் தோள்வரை போயிருந்தது. முதுகை மலைக்குக் காட்டியபடி. பெட்ரோல் வாடை மூக்கைக் குத்தியது. தரையில் ஒரு ஈரக்கோடு கால்வாயை நோக்கி ஓடிப் பாதியில் நின்றிருந்தது. அது நின்ற இடத்துக்கும் அகலுக்கும் நடுவில் ஒரு ஆள் குறுக்கே படுக்கக்கூட இடமில்லை.

"வெளக்கு," என்றார் அப்பா. வாதத்துக்குப் பிறகு அவர் நாக்கு தடித்துத்தான் பேசும். "வெளக்க எடு."

குமரேசன் குனிந்தான். "நீ தொடாத!" என்று கத்தினாள் கஸ்தூரி. புருஷனை அவள் நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "பெட்ரோலு ஊறின கை, கழுவினா போயிடுமா? தள்ளு!" அவளே அகலை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தாள். காற்று மலைப் பக்கமிருந்து கொட்டாய்க்குள் வீசிக்கொண்டிருந்தது. அவள் காற்றுக்கு எதிராக, முகத்தில் சூடு அடிக்க, நிதானமாக நடந்து முற்றத்தைத் தாண்டிக் கிணற்றடிக்குப் போனாள். ஓடவில்லை.

குமரேசன் இஞ்சினுக்குள் கையை விட்டுத் தடவினான். தொங்கிய ஹோஸை அப்பாவின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மடித்து நசுக்கிப் பிடித்திருந்தன. அந்த இரண்டு விரல்களுக்குப் பின்னால் டாங்கி முழுசும் நின்றது. பின்னால் அவன் கட்டிய உருண்டைக் குச்சி உருண்டுபோய், சரிவில் பெட்ரோல் தானாக இறங்கி வந்திருக்கிறது.

"அரோகரா கேட்டு வெளக்க வெச்சேன், நிமிர்றதுக்குள்ள வாடை. கூப்ட்டேன்டா," என்றார் அப்பா. "அரோகரா அரோகரான்றானுங்க. எவனுக்குக் கேக்குது."

"வெளக்க ஊதி அணைச்சிருக்கக் கூடாதா நைனா?"

"ஒத்தக் கை. இத்த வுட்டாத்தான் அத்த எட்டும்." மூச்சு வாங்கியது. "கார்த்திக வெளக்க எவன்டா ஊதுவான்."

குமரேசனுக்கு அழுகை வந்தது. மாடியில் மலையைப் பார்த்து வந்த அதே சிலிர்ப்பு, அதைவிடப் பெரிதாக, முதுகுத்தண்டில் ஏறியது. மயிலைக்கும் செவலைக்கும் மூக்கணாங்கயிறு கோத்த விரல்கள். ஒரு வீட்டையும் ஒரு தெருவையும் பிடித்து வைத்திருந்தன. அவர் விட்டிருந்தால், ஒரு தடவை தும்மியிருந்தால் என்று நினைக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

"நின்னுக்கினு அழுவாத. மாட்டு," என்றார் அப்பா.

ஹோஸின் முனையைப் பம்பில் வைத்து அழுத்தினான். புது ரப்பர், ஏற மறுத்தது. எச்சில் தொட்டுத் திருகித் திருகி ஏற்றினான். கிளிப்பை நகர்த்தி, வீக்கத்தைத் தாண்டுகிறதா என்று விரலால் பார்த்து, ஸ்குரூடிரைவரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தான். திருகு ஒவ்வொரு சுற்றாக இறங்கியது.

"ஆச்சு. வுடு நைனா."

"இன்னொரு சுத்து."

"ரொம்ப முறுக்கினா ரப்பர அறுத்துடும், ராஜேந்திரன் சொன்னான்."

"அர சுத்தாவது போடு."

அரைச் சுற்று போட்டான். அப்பா மெதுவாக விரலை எடுத்தார். இருவரும் குனிந்து பார்த்தார்கள். வரவில்லை. ஒரு சொட்டுகூட வரவில்லை. அந்தச் சின்னத் தகட்டு வளையம் அப்பாவின் இரண்டு விரல் செய்த வேலையைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டது. குமரேசன் அதையே பார்த்தபடி நின்றான்.

அப்பாவின் விரல்கள் மட்டும் விரியவில்லை. எதையோ பிடித்த மாதிரியே இருந்தன. கஸ்தூரி சோப்புப் போட்டுக் கழுவி, கடலெண்ணெய் தடவி, ஒவ்வொன்றாக நீவி விட்டாள். குமரேசன் தரையில் மண்ணை அள்ளிக் கொட்டி மூடினான். காருக்கு அடியில் புகுந்து, பின்பக்கம் தொங்கிய டியூப்பை அவிழ்த்தான். வெளியே வந்தபோது தார்க்குச்சியின் இரண்டு துண்டும் அவன் கையில் இருந்தன. மறைக்க இடமில்லை.

அப்பா பார்த்தார்.

"உருண்டக் குச்சி நசுக்குமாடா?" என்றார். "மூங்கியத் தட்டையா சீவக்கூடாது?"

"அதத்தான் நைனா அவனும் சொன்னான். மறந்துட்டேன்."

"மறப்ப. மறப்ப."

கஸ்தூரி வாயைப் பொத்திக்கொண்டாள். தன் வழியாக இல்லாமல் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தாள். குறுக்கே ஒரு வார்த்தை விழுந்தாலும் நின்றுவிடுமோ என்று பயந்து ஒதுங்கி நின்றாள்.

"ஏன் நைனா வண்டிக்குப் போயி வெளக்கு வெச்ச? அதான் உனக்குப் புடிக்காதே," என்றான் குமரேசன்.

"வண்டிக்கு எவன் வெச்சான்? கொட்டாய்க்கு வெச்சேன்." அவர் நீவி விட்ட விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார். பிறகு, "கொட்டாய்ல எது நிக்குதோ அதுக்குத்தான் வெளக்கு," என்றார்.

கிணற்றடியில் அகல் அணையாமல் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று கஸ்தூரி கேட்டாள்.

"அங்கயே இருக்கட்டும் மருமவளே. அதான் தூரம். கொஞ்சம் நவுத்தி, வண்டி கண்ணுக்கு எதுர்ல வை." அவர் தூணைப் பிடித்துக்கொண்டு முதல்முறையாக மலைப் பக்கம் திரும்பினார். உச்சியில் தீபம் நிமிர்ந்து எரிந்துகொண்டிருந்தது. செத்த கையை இடது கையால் தூக்கிச் சேர்த்துக் கும்பிட்டார். கால் தள்ளாடியது. குமரேசன் தோளைக் கொடுத்தான்.

"கட்டிலுக்குப் போலாமா நைனா?"

"அங்க எவன் வூட்டுச் செவுரப் பாக்க? கதவத் தொற. குந்திப் பாக்கறேன்."

குமரேசனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. பானட்டை இறக்கிச் சாத்தினான். வாடை போகட்டும் என்று எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கினான். முன் கதவைத் திறந்து, அவரைத் தூக்கி உட்கார வைத்தான். மலை கண்ணாடியின் நட்டநடுவில் இருந்தது. கஸ்தூரி பொரியும் வெல்லமும் அவித்த வேர்க்கடலையும் தட்டில் கொண்டுவந்தாள். காலையிலிருந்து காய்ந்த வயிற்றுக்கு அவர் முதல் கவளத்தை அந்தக் காரில் உட்கார்ந்துதான் போட்டார். சீட்டெல்லாம் பொரி சிந்தியது. குமரேசன் தட்டிவிடவில்லை.

"நாளிக்கு எத்தினி மணிக்குக் கெளம்பற?" என்று கேட்டார்.

"கோழி கூவறதுக்கு முந்தி நைனா."

"போறதுக்கு முந்தி அந்தக் கிளிப்ப இன்னொரு தரம் பாத்துக்கோ." வேர்க்கடலையை ஒற்றைக் கையால் நசுக்கி உரித்தார். "மெட்ராசுக்கு என் வெரலு உன்கூட வராது."

குமரேசன் முன்பக்கம் போய், அப்போதே பானட்டைத் தூக்கி, இருட்டில் விரலாலேயே கிளிப்பைத் தேடித் தடவினான். காய்ந்திருந்தது.